அஞ்சறைப் பெட்டியும் நம் தோலும்

இந்தியாவில் எந்த மூலைக்குப் போனாலும் கல்யாண வீட்டில் ஒரு கிண்ணம் இருக்கும். அதில் மஞ்சளும் மாவும் குழைத்து வைத்திருப்பார்கள். பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் அதற்கு உப்டன் என்று பெயர். பஞ்சாபில் வட்னா என்பார்கள். வங்காளத்தில் அந்தச் சடங்குக்கே 'காயே ஹோலுத்' என்று பெயர். 'உடம்பில் மஞ்சள்' என்று பொருள். மராட்டியர்கள் ஹளத் என்பார்கள். தமிழ்நாட்டில் நலங்கு.

பெயர் வேறு. மொழி வேறு. கிண்ணத்தில் உள்ள பொருள்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கடலை மாவு, மஞ்சள், எண்ணெய், பால் அல்லது தயிர். எல்லாமே சமையலறையில் இருப்பவை. கடைக்குப் போக வேண்டியதில்லை.

இவற்றைத் தோலில் பூசினால் என்ன ஆகிறது? உண்மையாகவே பயன் உண்டா? அல்லது வெறும் சடங்கா? பயன் உண்டு. அழுக்கு போகும். எண்ணெய்ப் பசை குறையும். வறண்ட தோல் மெத்தென்று ஆகும். ஆனால் கறுப்பு சிவப்பாகாது. நோய் தீராது. இந்த எல்லை எங்கே இருக்கிறது என்று தெரியாததால்தான் பல வீடுகளில் பணமும் போகிறது, உடம்பும் கெடுகிறது.

தோல் என்ன செய்கிறது?

நம் உடம்பை மூடியிருக்கும் உறுப்பு தோல். வெயில், தூசி, கிருமி ஆகியவற்றை அது தடுக்கிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமல் காக்கிறது. தோலின் மேல்புறம் மெல்லிய செதில்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவை இறந்த செல்கள். குளிக்கும்போது தேய்த்தால் உருண்டு வருகிறதே, அதில் அழுக்கோடு இந்தச் செல்களும் இருக்கின்றன. கீழிருந்து புதிய செல்கள் வந்துகொண்டே இருக்கும். மேல்தோல் இப்படிப் புதிதாவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும்.

செங்கல் சுவரில் செங்கல்லுக்கு இடையே சாந்து பூசுகிறோம். தோலிலும் அப்படித்தான். செல்களுக்கு இடையே கொழுப்பு இருக்கிறது. இந்தக் கொழுப்பு போய்விட்டால் தோல் வறண்டு வெடிக்கும். அரிப்பு வரும். நாள் முழுதும் பாத்திரம் தேய்க்கும் பெண்களின் கைகளைப் பார்த்தால் இது புரியும்.

தோலின் மேல்புறத்தில் இலேசான புளிப்புத் தன்மை உண்டு. இதை அமிலத் தன்மை என்பார்கள். கெட்ட கிருமிகள் வளராமல் இருக்க இது உதவுகிறது. குளியல் சோப்பு இதற்கு நேர் எதிரானது. அது காரத் தன்மை உடையது. இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

மஞ்சள் காகிதச் சோதனை

கொஞ்சம் மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து ஒரு வெள்ளைக் காகிதத்தில் பூசுங்கள். காய விடுங்கள். இப்போது அதன் ஓர் ஓரத்தில் சோப்புத் தண்ணீரைத் தொட்டு வையுங்கள். அந்த இடம் சிவந்துவிடும். இன்னோர் இடத்தில் சோடா உப்பைக் கரைத்துத் தொட்டு வையுங்கள். அதுவும் சிவக்கும். மூன்றாவது இடத்தில் தயிரை வையுங்கள். நிறம் மாறாது. எலுமிச்சைச் சாறு வைத்தாலும் மாறாது.

காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். வெள்ளைப் புடவையில் விழுந்த மஞ்சள் கறைக்குச் சோப்புப் போட்டால் ரத்தச் சிவப்பாக மாறுவது இதனால்தான். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதே முறையில்தான். பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்து பாருங்கள். பள்ளிக்கூடத்துப் பாடமும் இதுதான்.

மாவு பூசுவது

சோப்பு அழுக்கை எடுக்கும். அதோடு தோலில் உள்ள எண்ணெயையும் எடுத்துவிடும். மாவு அப்படி முழுக்க எடுப்பதில்லை. எண்ணெய்ப் பசையை ஓரளவு உறிஞ்சுகிறது. மெல்லத் தேய்க்கும்போது இறந்த செல்கள் உதிர்கின்றன. தமிழ்நாட்டில் பயத்தம் மாவு, வடக்கே கடலை மாவு. வங்காளத்தில் மைசூர்ப் பருப்பை ஊற வைத்துப் பாலில் அரைத்துப் பூசுவது வழக்கம். பீகார்ப் பக்கம் கடுகையே அரைத்துப் பூசுவார்கள். கடுகு சிலருக்கு எரியும். எரிந்தால் உடனே கழுவிவிட வேண்டும். 'எரிந்தால்தான் வேலை செய்கிறது' என்பது தவறான எண்ணம். எரிகிறது என்றால் தோல் வேண்டாம் என்று சொல்கிறது.

ஒரு முகத்துக்கு இரண்டு ஸ்பூன் கடலை மாவு போதும். ஒரு சிட்டிகை மஞ்சள். குழைக்கும் அளவுக்குத் தயிர், ஒன்று அல்லது இரண்டு ஸ்பூன். மாவை மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். குருணை இருந்தால் முகத்தைக் கீறும். குழைத்ததை முகத்தில் பூசி ஐந்து அல்லது பத்து நிமிடம் விடுங்கள். கண்ணுக்கும் உதட்டுக்கும் பக்கத்தில் பூச வேண்டாம்.

காய்ந்து இறுகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நன்றாகக் காய்ந்தால் தோலின் ஈரத்தையும் சேர்த்து இழுத்துவிடும். பாதி காய்ந்ததும் தண்ணீர் தொட்டு, விரலால் மெல்ல வட்டமாகத் தேய்த்துக் கழுவுங்கள். வாரத்துக்கு ஒரு முறை அல்லது இரண்டு முறை போதும்.

தயிர் எதற்கு? தயிரில் புளிப்பு இருக்கிறது. அது லாக்டிக் அமிலம். அது இறந்த செல்களை இளக்கும். தயிரில் கொழுப்பும் உண்டு, அது தோலை மெத்தென்று ஆக்கும். முகத்தில் எண்ணெய் வழிகிறவர்கள் தயிரோடு நிறுத்திக்கொள்ளலாம். வறண்ட தோல் உள்ளவர்கள் தயிருக்குப் பதில் பாலாடை சேர்க்கலாம். பால் சேர்ப்பதானால் காய்ச்சி ஆற வைத்த பாலாக இருக்கட்டும்.

முல்தானி மட்டி பூசுகிறவர்களும் உண்டு. இது சமையல் பொருள் அல்ல, மண். இப்போது பாகிஸ்தானில் இருக்கும் முல்தான் நகரத்தின் பெயரால் இப்படி அழைக்கிறார்கள். நம் நாட்டில் ராஜஸ்தானில் பார்மேர், பிகானேர் பக்கம் இந்த வகை மண் கிடைக்கிறது. எண்ணெயை நன்றாக உறிஞ்சும். அதனாலேயே வறண்ட தோலுக்கு அது ஆகாது.

புதிதாக எதைப் பூசினாலும் முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பூசிப் பாருங்கள். ஒரு நாள் பொறுங்கள். அரிப்போ தடிப்போ வராவிட்டால் முகத்துக்குப் போகலாம். பாலோ, மஞ்சளோ, பயறோ ஒத்துக்கொள்ளாதவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

குழைத்ததை மூடி வைத்து அடுத்த வாரம் எடுத்துப் பூசுவது கூடாது. மாவும் தயிரும் சேர்ந்து புளித்த இடத்தில் கிருமி வளரும். வேண்டிய அளவு குழைத்து அன்றே தீர்த்துவிட வேண்டும். மிஞ்சினால் கையிலும் காலிலும் பூசிக்கொள்ளலாமே. சாப்பாட்டுக்கு இல்லாத வீட்டில் கிண்ணம் கிண்ணமாகப் பாலையும் தேனையும் முகத்தில் கொட்டுவதும் தேவையில்லை. குழந்தை குடித்து மிஞ்சிய பாலில் ஒரு ஸ்பூன் போதும்.

மஞ்சளின் வழக்கு

மஞ்சளுக்கு ஒரு கதை உண்டு. 1995 மார்ச் மாதம் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கொடுத்தார்கள். காயம் ஆற மஞ்சள் தூள் போடும் முறைக்குத்தான் அந்தக் காப்புரிமை. மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சேர்ந்த இருவர் அதை வாங்கினார்கள். காப்புரிமை என்றால், அவர்கள் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அங்கே அந்த முறையில் மஞ்சளை விற்க முடியாது.

நம் நாட்டின் அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சிக் குழு இதை எதிர்த்தது. 'இது புதிய கண்டுபிடிப்பு அல்ல, எங்கள் பாட்டிமார்களுக்குத் தெரிந்ததுதான்' என்று வாதாடியது. சொன்னால் மட்டும் போதாது, எழுத்தில் காட்ட வேண்டும். பழைய சமஸ்கிருத நூல்களையும், இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் 1953-இல் வெளிவந்த ஒரு கட்டுரையையும் காட்டினார்கள். 1997 ஆகஸ்டில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் அந்தக் காப்புரிமையை ரத்து செய்தது. பாட்டிமார்களுக்குத் தெரிந்ததை யாரோ எழுதி வைத்திருந்ததால் வழக்கு ஜெயித்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மஞ்சள் எல்லாக் காயத்தையும் ஆற்றும் என்று அந்த வழக்கில் தீர்ப்பாகவில்லை. அது புதிது அல்ல என்றுதான் தீர்ப்பு. மஞ்சளில் உள்ள குர்க்குமின் என்ற பொருளுக்குச் சில கிருமிகளை அடக்கும் தன்மையும் வீக்கத்தைக் குறைக்கும் தன்மையும் உண்டு என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஆனால் ஆழமான காயத்தில் மஞ்சளை அள்ளி அடைத்தால், தூளோடு தூசியும் உள்ளே போகும். அரிவாளோ ஆணியோ வெட்டினால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் கட்டி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே ரணஜன்னி ஊசி போடுவார்கள்.

குர்க்குமின் தண்ணீரில் கரையாது. எண்ணெயிலும் கொழுப்பிலும் கரையும். மஞ்சளைப் பாலாடையிலோ எண்ணெயிலோ குழைத்துப் பூசிய பாட்டிகள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். அவர்களுக்குக் குர்க்குமின் என்ற பெயர்தான் தெரியாது.

வாங்கும் மஞ்சளில்தான் இன்று கவனம் தேவை. மஞ்சள் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சிலர் அதில் ஈயக் குரோமேட் என்ற சாயத்தைச் சேர்க்கிறார்கள். ஈயம் விஷம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பாட்னாவில் வாங்கிய மஞ்சளில் அனுமதித்த அளவைப் போல இருநூறு மடங்குக்கும் அதிகமாக ஈயம் இருந்தது. தோல் வழியாக இந்த ஈயம் உள்ளே போவது குறைவு. ஆனால் அதே மஞ்சள்தானே குழம்பிலும் விழுகிறது? மஞ்சள் பூசிய கையைக் குழந்தை வாயில் வைக்கிறதே?

விரலி மஞ்சளாக வாங்கி அரைப்பது நல்லது. ஒரு கிழங்கை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சாயம் ஏற்றிய கிழங்கானால் உடனே நிறம் கரைந்து இறங்கும். நல்ல கிழங்கு அப்படிச் சாயம் விடாது. அளவுக்கு மீறிப் பளபளக்கும் கிழங்கைக் கடையிலேயே வைத்துவிடுங்கள். மங்கலான கிழங்கு பார்வைக்கு நன்றாக இருக்காது, அவ்வளவுதான்.

எண்ணெயும் வெடிப்பும்

மாவைவிட நம் ஜனங்களுக்கு அதிகம் தேவைப்படுவது எண்ணெய். வயலில் நாற்று நடுகிறவர்கள், செங்கல் சூளையில் மண் மிதிக்கிறவர்கள், வெறுங்காலோடு நடக்கிறவர்கள் எல்லோருக்கும் குதிகால் வெடிக்கும். வடக்கே குளிர்காலத்தில் உதடும் கன்னமும்கூட வெடித்துவிடும். வெடிப்பு அழகுப் பிரச்சினை மட்டும் அல்ல. நடந்தால் வலிக்கும். ரத்தம் வரும். அந்த வழியாகக் கிருமி உள்ளே போகும்.

எண்ணெய் தானாக ஈரம் கொடுப்பதில்லை. இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் மூடி வைக்கும். அதனால் காய்ந்த தோலில் பூசுவதைவிட, குளித்து முடித்து இலேசாகத் துடைத்து, ஈரம் இருக்கும்போதே பூசினால் பலன் கூடுதல்.

குதிகால் வெடிப்புக்கு ராத்திரி படுக்கும் முன் இதைச் செய்யலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் காலை ஊற வையுங்கள். கல்லால் மெல்லத் தேய்த்து, இளகிய தோலை மட்டும் எடுங்கள். பிளேடால் சீவ வேண்டாம். ஈரத்தோடு தேங்காய் எண்ணெயோ நெய்யோ கனமாகப் பூசுங்கள். பழைய பருத்திக் காலுறையோ துணியோ சுற்றிக்கொண்டு படுங்கள். ஒரே ராத்திரியில் ஆறாது. இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து செய்ய வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதை அப்படியே செய்யக் கூடாது. அவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். தண்ணீர் சுடுவதும் தெரியாது, கல் கீறுவதும் தெரியாது. அவர்கள் எண்ணெய் மட்டும் பூசலாம். விரல் இடுக்கில் பூச வேண்டாம். புண் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பிறந்த குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது இந்தியா முழுதும் உள்ள பழக்கம். கேரளத்தில் தேங்காய் எண்ணெய். வங்காளம், பீகார், உத்தரப் பிரதேசத்தில் கடுகு எண்ணெய். இதில் வீட்டுக்கு வீடு ஒரு சண்டை நடக்கும்.

"கடுகு எண்ணெய் போட்டால் பிள்ளைக்குத் தோல் சிவந்து போகிறது அத்தை" என்பாள் மருமகள்.

"உன் புருஷனை நான் இந்த எண்ணெயில்தான் வளர்த்தேன். அவனுக்கு என்ன ஆயிற்று?" என்பார் மாமியார்.

மாமியார் சொல்வதிலும் நியாயம் உண்டு. குழந்தையைத் தடவிக் கொடுப்பது நல்லது. அதை நிறுத்தத் தேவையில்லை. எண்ணெயை மட்டும் மாற்றலாம். கடுகு எண்ணெயில் நெடியும் காரமும் இருக்கிறது. பிஞ்சுத் தோலை அது உறுத்தும். தேங்காய் எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் மென்மையானவை. தொப்புள் கொடியில் மட்டும் எந்த எண்ணெயும், மஞ்சளும், சாம்பலும் வைக்கக் கூடாது. அது காய்ந்து தானாக விழ வேண்டும்.

முகப்பரு உள்ளவர்கள் முகத்தில் தேங்காய் எண்ணெய் பூச வேண்டாம். துளை அடைத்துக்கொண்டு பரு கூடும்.

பூசக் கூடாதவை

சமையலறையில் இருக்கிறது, வாயில் போடுகிறோம், அதனால் தோலுக்குக் கெடுதல் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். மிளகாய்த் தூளும் சமையலறையில்தான் இருக்கிறது!

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்ப்பது பெரிய வழக்கமாகிவிட்டது. தோலின் இலேசான புளிப்பைவிட எலுமிச்சையின் புளிப்பு பல நூறு மடங்கு கடுமை. அதோடு எலுமிச்சையில் உள்ள ஒரு பொருள் வெயில் பட்டால் தோலைப் பொசுக்கும். சாறு பட்ட இடத்தில் முதலில் கொப்புளம் வரும். பிறகு கருப்புத் திட்டாக மாறும். அந்தக் கருப்பு மறைய வாரங்களோ மாதங்களோ ஆகும். முகம் வெளுக்கப் பூசியவர்களுக்குக் கறுத்துப் போவது இதனால்தான்.

சோடா உப்பு காரமானது. மஞ்சள் காகிதத்தில் பார்த்தோமே, அதேதான். தோலின் புளிப்பை அது கெடுத்துவிடும். உப்பும் சர்க்கரையும் கூர்மையானவை. குதிகாலுக்குப் பரவாயில்லை, முகத்துக்கு வேண்டாம். பருவில் பற்பசை வைப்பதால் எரிச்சல்தான் மிச்சம்.

தீக்காயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அடுப்பில் கை சுட்டால் உடனே மாவு, மை, பற்பசை, முட்டை, நெய் என்று எதையாவது பூசிவிடுகிறார்கள். இவை சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். மருத்துவமனையில் அதைச் சுரண்டி எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும். சுட்ட இடத்தில் சாதாரணத் தண்ணீரை இருபது நிமிடம் விட்டுக்கொண்டே இருங்கள். பனிக்கட்டி வைக்க வேண்டாம். பிறகு சுத்தமான துணியை மேலாக மூடி மருத்துவரிடம் போங்கள்.

கறுப்பும் சிவப்பும்

கிண்ணத்தைக் குழைக்கிற பல பேருக்கு மனதில் இருக்கும் ஆசை அழுக்கு போவது அல்ல. நிறம் வர வேண்டும் என்பதுதான். பெண் பார்க்க வருகிறவர்கள் நிறத்தைக் கேட்கிறார்கள். கறுத்த பெண்ணுக்கு நகை கூடக் கேட்கிறார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் பயப்படுகிறார்கள். இது தோலின் குற்றம் அல்ல, கேட்கிறவர்களின் குற்றம்.

நிறம் எங்கிருந்து வருகிறது? தோலுக்குள் மெலனின் என்ற நிறப்பொருள் உண்டாகிறது. அதை உண்டாக்கும் செல்கள் கறுப்பானவர்களுக்கும் சிவப்பானவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. சிலருக்கு அவை அதிகம் உண்டாக்கும். சிலருக்குக் குறைவாக உண்டாக்கும். தாய் தந்தை வழியாக வருவது இது. மெலனின் நமக்குக் குடை மாதிரி. சூரிய ஒளியின் கெடுதலைத் தடுக்கிறது. மாவும் மஞ்சளும் தோலின் மேல்புறத்தில் வேலை செய்கின்றன. மெலனின் உண்டாகும் இடத்துக்கு அவை போவதில்லை. வெயிலில் கறுத்தது மட்டும், வெயிலைத் தவிர்த்தால் மெல்ல மெல்லக் குறையும். அதற்குத் தலையில் போடும் முந்தானை போதும்.

மாவு பலன் தரவில்லை என்றதும் பலர் கிரீமுக்குப் போகிறார்கள். 1975-இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' விற்பனைக்கு வந்தது. 'ஃபேர்' என்றால் வெள்ளை நிறம். 2020-இல் அந்த நிறுவனமே பெயரில் இருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டது. ஆனால் பெயர் தெரியாத பல கிரீம்கள் இன்றும் சந்தையில் கிடைக்கின்றன. சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறார்கள். பாதரசம் மெலனின் உண்டாவதைத் தடுக்கும். சில நாளில் முகம் வெளுக்கும். ஆனால் அது தோல் வழியாக ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும்.

கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில் இது நடந்தது. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் இறங்கும் ஒரு வகைச் சிறுநீரக நோயோடு 22 பேர் ஒரு மருத்துவமனைக்கு வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் அரிதான ஒரு வகை இருந்தது. ஏன் என்று மருத்துவர்கள் தேடினார்கள். அந்த 15 பேரில் 13 பேர் நிறம் கொடுக்கும் கிரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது. காலில் வீக்கமும் சிறுநீரில் நுரையும் இந்த நோயின் அறிகுறிகள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்குக் குணம் தெரிந்தது.

நம் நாட்டுச் சட்டப்படி முகத்தில் பூசும் கிரீமில் பாதரசம் சேர்க்கக் கூடாது. எந்தப் பொருளை வாங்கினாலும் டப்பாவில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டியாவது படியுங்கள். தயாரித்தவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். உரிம எண் இருக்க வேண்டும். எந்தத் தேதி வரை பயன்படுத்தலாம், உள்ளே என்னென்ன பொருள்கள் இருக்கின்றன என்பதும் இருக்க வேண்டும். இவை இல்லாத டப்பாவை வாங்கக் கூடாது. 'ஏழு நாளில் வெளுப்பு' என்று எழுதியிருந்தால் பயப்படுங்கள்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சில களிம்புகளும் ஆபத்தானவை. அவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். பூசினால் முதலில் முகம் பளிச்சென்று ஆகும். போகப் போகத் தோல் மெலியும், சிவக்கும், முடி முளைக்கும், பரு வரும். படைக்குப் போட்டால் படை பரவும். 2018-இல் மத்திய அரசு இப்படிப்பட்ட பல களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டது நமக்கும் கேட்கும் என்று வாங்காதீர்கள்.

வெளிறிய தேமல் வந்தால்

தோலில் திட்டு வந்தால் நம் வீடுகளில் முதலில் செய்வது எதையாவது அரைத்துப் பூசுவதுதான். பெரும்பாலான திட்டுகள் சாதாரணமானவை. பிள்ளைகளின் கன்னத்தில் வெளிறிய தேமல் வந்தால் வயிற்றில் பூச்சி என்பார்கள். பெரும்பாலும் அது தோல் வறட்சிதான். தேங்காய் எண்ணெய் பூசி வந்தால் நாளடைவில் மறையும். மார்பிலும் முதுகிலும் வியர்க்கும் இடத்தில் வரும் தேமல் ஒருவகைப் பூஞ்சை. சுகாதார நிலையத்தில் களிம்பு கொடுப்பார்கள்.

ஒரு வகைத் திட்டை மட்டும் மஞ்சள் பூசி மறைக்கக் கூடாது. வெளிறியோ செம்பு நிறத்திலோ இருக்கும். அரிக்காது. வலிக்காது. தொட்டால் தெரியாது. வலி இல்லாததால் யாரும் கவலைப்படுவதில்லை. மாதக்கணக்கில் எதையாவது பூசிக்கொண்டே இருப்பார்கள். அது தொழுநோயின் தொடக்கமாக இருக்கலாம். நாள் கடந்தால் நரம்பு கெடும். விரல் மடங்கும். கண்ணும் பாதிக்கும்.

இதையும் வீட்டில் சோதிக்கலாம். திட்டு உள்ளவரைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். ஒரு பஞ்சுத் துண்டின் நுனியால் முதலில் நல்ல தோலைத் தொடுங்கள். தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். பிறகு திட்டைத் தொடுங்கள். நல்ல தோலைச் சரியாகக் காட்டியவர் திட்டைக் காட்டவில்லை என்றால் அங்கே உணர்ச்சி இல்லை.

2005 டிசம்பரில் இந்தியாவில் தொழுநோய் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே வந்தது. நோய் போய்விட்டது என்று பலர் நினைத்துவிட்டார்கள். 2023-இல்கூட நம் நாட்டில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பேருக்குப் புதிதாகத் தொழுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. இது சாபம் அல்ல. பரம்பரை நோய் அல்ல. கிருமியால் வருகிறது. கூட்டு மருந்தால் குணமாகும். நோயின் அளவைப் பொறுத்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மாத்திரை சாப்பிட வேண்டும். மருந்து தொடங்கியதுமே அது மற்றவருக்குப் பரவுவது நின்றுவிடும். வேலைக்குப் போகலாம். குழந்தையைத் தூக்கலாம்.

மாத்திரை அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். ஊரில் ஆஷா பணியாளர் இருந்தால் அவரிடமே திட்டைக் காட்டலாம். அவர் கூட வந்து சுகாதார நிலையத்தில் சேர்ப்பார். போகும் அன்று திட்டின் மேல் மஞ்சளோ மாவோ பூசாமல், வெறுமனே கழுவிவிட்டுப் போங்கள். மருத்துவர் அதன் நிறத்தைப் பார்க்க வேண்டும்.